நாயக் முனிரத்தினத்தின் வாட்டர் பாட்டில்

முதலில் கேட்டது சத்தம்தான். களக், களக் என்று, மூடிவைத்த ஏதோ ஒன்றுக்குள் தண்ணீர் ஒரு பக்கம் போய் முட்டி மறுபக்கம் திரும்பும் சத்தம், அருங்காட்சியகத்துக் கல்படிகளில் ஒவ்வொன்றாக ஏறி வந்தது. வருகிற ஆள் யாரென்று தெரிவதற்கு முன்பே, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எச்சில் விழுங்கினோம். அது சித்திரை மாதம். தெருக் குழாய்கள் காற்றை மட்டும் துப்பிக்கொண்டிருந்த நாட்கள். ஆற்றில் நீர் போய், பிறகு மணலும் லாரியேறிப் போய், கரையில் தோண்டினால் தோல் ஊறிய வாசத்தோடு மஞ்சளாக ஒன்று ஊறும். அதை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி எங்களைப் பார்க்கும்.

அருங்காட்சியகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், பழைய சப்-ஜெயில் கட்டடம் அது. கைதிகளை அடைத்த அறைகளில் இப்போது செப்புக் காசுகளும் முதுமக்கள் தாழிகளும் இருக்கின்றன. முற்றத்தில், சுற்றுவட்டாரத்து ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் சாய்ந்து கிடந்த நடுகற்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். மாடு ஓட்டிப் போக வந்தவர்களோடு மல்லுக்கு நின்று செத்தவர்கள், கையில் வாள், இடுப்பில் குறுவாள், காலருகே ஒரு சின்னக் கெண்டி. மாற்றலாகி வந்த காப்பாட்சியர் நிலோஃபர் முதல் நாளே அந்தக் கெண்டியைத் தொட்டுக் காட்டி, "செத்தவனுக்கும் தாகம் எடுக்கும்னு செதுக்கினவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார். உள்ளே கல்லாக நிற்கிற சிப்பாய்களைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை, வெளியே எத்திராஜ் டீக்கடையில் உயிருள்ள சிப்பாய்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை இங்கே கூப்பிட்டால் என்ன என்று யோசித்தவரும் அவர்தான். எங்கள் ஊரில் சிப்பாய்க்குப் பஞ்சமே கிடையாது. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்பதற்கு முன்னால் எந்த ரெஜிமென்ட் என்று பெண் வீட்டார் கேட்கிற ஊர் இது. ஆக, மாதத்தின் கடைசி ஞாயிறு 'படைவீரர் பேசுகிறார்' என்று ஒரு நிகழ்ச்சி, டீ, மசால்வடை, பேசியவர் கையால் ஒரு பழைய பெல்ட்டோ தொப்பியோ அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பு.

அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தது சுபேதார் வரதப்பன். தன் முறை இல்லாவிட்டாலும் அவர்தான் பேசுவார். கிழக்கே நடந்த சண்டையில் போன மாதம் ஒரு வாய்க்காலைத் தாண்டியவர் இந்த மாதம் அதே இடத்தில் ஒரு நதியைத் தாண்டியிருந்தார். சத்தம் வாசலுக்கு வந்ததும் அவர் பேச்சை நிறுத்திக் கண்ணைச் சுருக்கினார்.

"யாருய்யா அது லேட்டா வர்றது? ஃபால்-இன் ஆகு!"

மஞ்சள் துணிப்பையை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றவர் நாயக் முனிரத்தினம். ராணுவத்திலிருந்து வந்து, ஷூ கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்து, அதிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்ட மனுஷன். நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து ஒருமுறையும் அவர் வந்ததில்லை, நாங்களும் கூப்பிட்டதில்லை. அவர் போன சண்டை அப்படிப்பட்டது. கடலுக்கு அக்கரையில், நம் பாஷை பேசுகிற ஜனங்கள் இருக்கிற தீவுக்கு, சமாதானத்துக்கென்று போய்ச் சண்டையாக முடிந்தது அது. போகும்போது பேண்டு வாத்தியம் இருந்ததாம். வரும்போது மாலையோடு ஒருத்தரும் இல்லை. லீவில் ஊருக்கு வந்தவரை எத்திராஜ் கடையில் யாரோ, "இன்னா முனிரத்தினம், நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்துட்டியாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்க, பாதி டீயோடு கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனவர், அதற்கப்புறம் அந்தப் பெஞ்சில் உட்காரவே இல்லை. கேட்டது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. எல்லோரும்தான் சிரித்தோம்.

பைக்குள்ளிருந்து அவர் எடுத்தது ஒரு வாட்டர் பாட்டில். பச்சைக் கம்பளி உறை போட்ட, சங்கிலியில் மூடி தொங்குகிற, சிப்பாய்கள் இடுப்பில் கட்டுகிற பாட்டில்.

"இத்த நீங்க வச்சிக்குங்கம்மா" என்று நிலோஃபரிடம் நீட்டினார். "வூட்ல வச்சிக்க முடியல. நான் சும்மா இருந்தாலும் இது சும்மா இருக்கறதில்ல."

"உள்ள தண்ணி இருக்கா சார்?"

"ரொப்பினது ரொப்பினபடி இருக்கு. இது எங்க ரொப்பினதுன்னா..."

அந்த நேரம் பார்த்து மசால்வடை வந்துவிட்டது. நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. "அடுத்த மாசம் மேடை உனக்குத்தான் முனிரத்தினம், ஒரே அடியா பேசிடு" என்று வரதப்பன் அவர் முதுகில் தட்டினார். முனிரத்தினம் வடை எடுத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற எந்தப் பொருளிலும் ஈரம் இருக்கக் கூடாது என்பது அருங்காட்சியகத்தில் ஒரு விதி. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், உலோகம் அரிக்கும், பக்கத்தில் இருக்கிறதையும் கெடுக்கும். ஆகவே மறுநாள் காலையில் நிலோஃபர் கையுறை மாட்டிக்கொண்டு, மூடியைத் திருகி, பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தார். தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கை வலித்து இன்னொரு கைக்கு மாற்றினார். தொட்டி நிரம்பி, பெருக்குகிற கன்னியம்மா ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்து, வாளி நிரம்பி, துடைக்கிற வாளியும் நிரம்பி, முற்றத்துச் செம்பருத்திக்கு ஊற்றி, நடுகற்களைக் கழுவி, அப்போதும் பாட்டிலிலிருந்து விரல் கனத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

"எங்க தெருக் குழாய்க்கு இது எவ்வளவோ தேவலம்மா" என்றாள் கன்னியம்மா, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு. "நான் போயி எங்கூட்டுக் குடத்த எட்தாந்துடறேன்."

அவள் குடத்தோடு தெருவைத் தாண்டியதை எத்திராஜ் பார்த்தார். எத்திராஜ் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. மதியத்துக்குள் முற்றத்தில் பச்சையும் ஆரஞ்சுமாகக் குடங்கள், நடுகற்களுக்கு முன்னால், ஏதோ அவர்களுக்குப் படையல் வைத்தாற்போல.

எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வராதபோதுதான் ஏன் என்று கேட்டுப் பழக்கம், வருகிறபோது கேட்டுப் பழக்கமில்லை. பானைகளை வைக்கிற மரத்தாங்கி ஒன்றில் பாட்டிலைத் தலைகீழாகப் பொருத்தி, கீழே கருங்கல் தொட்டியை நகர்த்தி வைத்தோம். நுழைவுச்சீட்டு வாங்காமல் அரசு அருங்காட்சியகத்துக்குள் விட முடியாது என்று நிலோஃபர் சொன்னதால், சீட்டு வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடித்தோம். பார்வையாளர்கள் இப்படிப் பெருகியதன் காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நிலோஃபர் என்ன பதில் எழுதினாரோ தெரியாது. வரதப்பன் பரணிலிருந்து தன் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டார். வரிசையில் நிற்கிறவர்கள் எங்கேயும் ஓட முடியாது என்பதால் அவர் வாழ்நாளில் கிடைக்காத கூட்டம் அவருக்குக் கிடைத்தது, நதி கடலாகிவிட்டது. பெண்கள் நடுகல்லைப் பார்த்து, "யாருக்கா இவுரு?" என்பார்கள். "மாட்ட மீக்கப் போயி செத்தவராம்." "மாடு வந்துச்சா?" "மாடு வந்துச்சாம், இவுரு வரல." இப்படி ஒரு ஊருக்கு ஒரே மாதத்தில் தன் சரித்திரம் தெரிந்துபோனது.

தண்ணீர் நல்ல தண்ணீர். சில்லென்று, கொஞ்சம் சுண்ணாம்புச் சுவையோடு, கடைசியில் நாக்கில் லேசான உப்போடு. அதில் துவரம்பருப்பு பஞ்சாக வெந்தது. குழந்தைகளுக்கு வேர்க்குரு அடங்கியது. எத்திராஜ் 'மியூசியம் தண்ணி டீ' என்று பலகை எழுதி வைத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே வந்து நிலோஃபரிடம் பத்திரிகை வைத்தார்கள்.

வைகாசிக் கடைசி ஞாயிறு வந்தது. முனிரத்தினம் வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மனைவி சம்பூர்ணத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். நிகழ்ச்சியை முற்றத்திலேயே வைத்துக்கொண்டோம், வரிசை ஒரு பக்கம், நாற்காலிகள் ஒரு பக்கம். அவர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தார். கப்பலில் போனது, வாந்தி எடுத்தது, டப்பாச் சோறு. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அங்க ஒரு வூட்டு முன்னாடி கெணறு ஒண்ணு..." என்றார். தண்ணீர் நூலாக மெலிந்தது.

"யோவ், என்னாச்சு?" என்று வரிசையில் குரல்.

அவர் நிறுத்தினார். தண்ணீர் பழையபடி தடித்தது. "அந்தக் கெணத்தாண்ட ஒரு அம்மா..." என்றார். சொட்டு, சொட்டு. வாயை மூடினார். ஓடியது. மூன்றாம் முறைக்குள் எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. குடத்தில் பாதி நிரம்பியிருந்தவள்தான் முதலில் கத்தினாள்: "அண்ணே, கொஞ்சம் வாய மூடுங்கண்ணே!" எல்லோரும் சிரித்தோம். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நாங்கள் கெட்டவர்கள் இல்லை. எத்திராஜ்தான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "முனிரத்தினம், நீ சொல்லணும், நாங்க கேக்கணும். ஆனா இப்ப வேணாம்பா. மழை வரட்டும். கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். அவ்வளவு பக்குவமாகச் சொன்னார். மறுநாள் ரோஜா மாலை வாங்கி, பொன்னாடை வாங்கி, தொட்டிக்குப் பக்கத்தில் கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு, அவரை உட்காரவைத்து மாலை போட்டோம். துறைமுகத்தில் விழாத மாலை அன்றைக்கு விழுந்தது. அவர் மாலையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதிலிருந்து தினமும் காலையில் அவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், தண்ணீர் பிடிக்கிறவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், அவர் ஒன்றும் பேச வேண்டியதில்லை. வாய் லேசாகத் திறந்தாலும் வரதப்பன் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோவார்.

ஆனியில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. பாட்டிலில் இல்லை, பாட்டில் தாங்கியில் கவிழ்ந்திருந்தது. முனிரத்தினம் படியேறும்போது களக், களக் என்றது அவருக்குள்ளிருந்து. முதலில் கால் வீங்கியது, செருப்பு நுழையவில்லை, பிறகு வயிறு, பிறகு படுத்தால் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். பெரியாஸ்பத்திரி டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நீர் கோத்திருக்கு" என்று மாத்திரை எழுதினார், தண்ணீர் அளவாகக் குடிக்கச் சொன்னார். மாத்திரைக்கு ஒன்றும் வடியவில்லை. சொல்லாத வார்த்தை ஒவ்வொன்றும் ஒரு மடக்காக அவருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும், டாக்டருக்குத்தான் தெரியாது.

சம்பூர்ணம் வந்து வரிசையின் முன்னால் நின்றாள். அதிர்ந்து பேசாத பொம்பளை.

"எம் புருசன் உள்ளுக்குள்ளயே முழுவிச் சாவறாரு. சொல்ல வுடுங்கய்யா. நான் கேக்கறேன்னாலும் எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறாரு, ஊர்த் தண்ணி நின்னுடுமாம். நீங்க போட்ட மாலைக்கு விசுவாசம்."

"ஆடி பொறக்கட்டும்மா, மழை பிடிச்சிரும்."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

"எங்க வூட்ல பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குது, சம்பூர்ணம், நீயே சொல்லு."

நிலோஃபர் மட்டும் தன் அறைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனார். பாட்டிலைக் கழற்றி உள்ளே வைக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. முற்றம் நிறையக் குடங்களும் இருந்தன.

ஆடி பிறந்தது, காற்றுதான் வந்தது. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரிசையின் கடைசியில் புதிதாக ஒருத்தி நின்றாள். ஊருக்கு வெளியே, ரயில் பாதை தாண்டி, அக்கரையிலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. பத்துக்குப் பத்து வீடுகள், அங்கேயே வளர்ந்து அங்கேயே பேரன் எடுத்தவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் லாரி தனியாக வரும், அதனால் இங்கே வரமாட்டார்கள். அன்றைக்கு லாரி வரவில்லை போலிருக்கிறது. பெயர் தவமலர், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள், சின்னப் பெண்ணாகப் படகில் வந்து இப்போது தலை நரைத்தவள்.

அவள் முறை வந்ததும் குடத்தை வைப்பதற்கு முன் கையில் ஒரு வாய் ஏந்திக் குடித்தாள். குடித்தவள் அப்படியே நின்றாள். பின்னாலிருந்தவள், "நவுரும்மா" என்றாள். தவமலர் நகரவில்லை.

"இது எங்கட தண்ணி" என்றாள்.

"ஊர்த் தண்ணிம்மா, எல்லாருக்கும்தான்."

"இல்லை. எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணி. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வாற தண்ணி. நாப்பது வருசமாகப் போகுது, நாக்கு மறக்குமே?" அவள் பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள். "ஆர் கொண்டு வந்தது?"

நாங்கள் ஒருவர் கல்லைப் பார்த்தோம், ஒருவர் காலைப் பார்த்தோம். நாற்காலியிலிருந்து களக் என்று சத்தம் வந்தது. முனிரத்தினம் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், "நாந்தாம்மா" என்றார்.

தவமலர் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவருடைய வீங்கிய காலையும், கழுத்தில் வாடிக்கிடந்த, அன்று காலை போட்ட மாலையையும் பார்த்தாள். அவர் எந்தச் சண்டைக்குப் போனவர் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் இறுகியது. திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தோம், போய்விடட்டும் என்றும் நினைத்தோம்.

"எங்களை ஏத்திவிட்டுட்டு அம்மா வீட்டிலை நிண்டவ" என்றாள். "கிணத்தடியிலை நிண்டு கை காட்டினவ. பிறகு ஒரு சேதியும் இல்லை. ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ."

வரதப்பனின் கை விசிலுக்குப் போனது. எத்திராஜ், "அம்மா, கொஞ்சம் பொறு..." என்று ஆரம்பித்தார். அப்போது நிலோஃபர் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து முனிரத்தினத்துக்கு எதிரில் போட்டு, தவமலரை உட்காரச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "இன்னைக்கு கடைசி ஞாயிறு. படைவீரர் பேசுகிறார்" என்றார். வரதப்பன் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முனிரத்தினம் சொன்னார்.

"நாலஞ்சு பேரு போயிக்கினு இருந்தோம். வெயிலு. எந்தக் கெணத்துலயும் குடிக்காதே, விஷம் கலந்திருப்பாங்கன்னு ஆர்டரு. நாக்கு செருப்பா ஆயிடுச்சு. ஓலை வேலி போட்ட வூடு, உள்ள துலா வச்ச கெணறு, வாழை. எங்கம்மா வயசு ஒரு அம்மா. துப்பாக்கியப் பாத்துட்டு உள்ள ஓடல. வாளிய எறக்கி ஏத்தி, எங்க கண்ணு முன்னால மொதல்ல அவுங்க ஒரு வாய் குடிச்சாங்க. பயப்படாதீங்கன்னு சொல்லல, குடிச்சுக் காட்டினாங்க. அப்பறம்தான் எங்களுக்கு ஊத்தினாங்க. நான் 'போதும்மா'ன்னேன். அந்தக் கையி அப்படியே நின்னுபோச்சு. 'நீ தமிழோ'ன்னாங்க. ஆமாம்மான்னேன். அப்பறம் இந்த பாட்டில வாங்கி, கழுத்து மட்டும் ரொப்பி, தன் கையாலயே மூடியத் திருகி, 'வழியிலை குடி'ன்னாங்க."

தண்ணீர் நூலாகி, சொட்டாகி, சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரமாகிவிட்டது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தெரு திரும்பினோமோ இல்லியோ, குண்டு. எவன் போட்டதுன்னு குண்டுல எழுதியிருக்காதும்மா. திரும்பி ஓடியாந்தேன். கெணறு இருந்துச்சு, வூடு இல்ல. துலாக்காலாண்ட கெடந்தாங்க. வவுறு..." அவர் தன் வயிற்றில் கையை வைத்தார். "'தம்பி, தண்ணி'ன்னாங்க. பாட்டிலு என் இடுப்புலதான் கெடக்குது. அவுங்க ரொப்பினது. ட்ரெயினிங்ல மொதல்ல சொல்லிக்குடுத்தது அதான், வவுத்துல அடிபட்டவனுக்கு வாயில தண்ணி வைக்காதே, வச்சா பொழைக்கமாட்டான்னு. நான் குடுக்கல. 'டாக்டர் வர்றாரும்மா, கொஞ்சம் பொறுங்க'ன்னேன். பொறுத்தாங்க. நான் சொல்லச் சொல்லப் பொறுத்துக்கினே இருந்தாங்க. டாக்டர் வரல. கெணத்தோரமாவே, தண்ணி கேட்டுக்கினே போயிட்டாங்க."

வரதப்பன் சொன்னார்: "ரூல்படி நீ செஞ்சது கரெக்ட்தான் முனிரத்தினம்."

"கரெக்ட்தான் சாப்" என்றார் முனிரத்தினம். "அதான்."

எங்கள் வீடுகளில் யார் போனாலும் வாயில் ஒரு சொட்டு விடாமல் அனுப்பியதில்லை. பஞ்சத்திலும் அனுப்பியதில்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்திருக்க வேண்டும், பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தவமலர் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆர் தாட்டது?"

"நாங்கதாம்மா பொதைச்சோம். வாழையாண்ட."

"மூக்குத்தி போட்டிருந்தவவோ?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். அந்த முகத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்ட மாதிரி, சந்தேகமில்லாமல், "இல்லம்மா" என்றார்.

"அப்ப என்ரை அம்மா இல்லை. அம்மா மூக்குத்தி கழட்டமாட்டா." அவள் குரலில் ஆறுதலும் இல்லை, வேறொன்றும் இல்லை. "ஆரோ ஒருத்தியின்ரை அம்மா. அவவின்ரை பிள்ளையளும் எங்கையோ இருந்து பாத்துக்கொண்டிருக்குங்கள்."

காற்று முற்றத்துப் புழுதியைச் சுற்றிப் போட்டது. அவள் இருமினாள், எச்சிலைக் கூட்டி விழுங்கினாள்.

"தண்ணி விடாய்க்குது" என்றாள். "தாங்கோ."

முதலில் அவருக்குப் புரியவில்லை. சம்பூர்ணம்தான் போய்த் தாங்கியிலிருந்து பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைக் காதருகே வைத்து ஆட்டினார். களக் என்று ஒரே ஒரு சின்னச் சத்தம். தவமலர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அவர் ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் ஊற்றினார். ஒரு வாய். அவள் குடித்து, ஈரக் கையைக் கன்னத்தில் துடைத்துக்கொண்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரயில் பாதைப் பக்கமாகப் போனாள். அவரை மன்னித்தாளா என்று நாங்கள் அப்புறம் நிறையப் பேசினோம். அவளிடம் கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை.

பாதிக் குடத்தோடு நின்றவர்கள் பாதிக் குடத்தோடு வீட்டுக்குப் போனோம். நிலோஃபர் பாட்டிலைச் சன்னலோரம் வெயிலில் கவிழ்த்து வைத்து, குச்சியில் பஞ்சு சுற்றி உட்பக்கத்தைத் துடைத்து, நன்றாக உலர்ந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.

முனிரத்தினத்துக்கு அன்றைக்கே சத்தம் அடங்கிவிட்டது. அதற்கப்புறம் கண்ணில் வடிந்துகொண்டே இருந்தது, அழுகை என்று சொல்ல முடியாது, உட்கார்ந்தால், படுத்தால், எத்திராஜ் கடைப் பெஞ்சில் வந்து டீ குடித்தால்கூட, வடியும். அவர் டீயை முழுசாகக் குடித்தார். கால் வடிந்தது, வயிறு வடிந்தது, சட்டை தொளதொளத்தது. எல்லாம் வடிந்து முடிந்த ஒரு காலையில், புரட்டாசியில், சம்பூர்ணம் வாயில் விட்ட ஒரு சொட்டு வெளியே வழியாமல் உள்ளே இறங்க, அவர் போய்விட்டார்.

மகன் பெங்களூரிலிருந்து வந்தான். மண்குடம் வாங்கியாகிவிட்டது. தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வருகிறபோது ஓட்டை போட்டால் ஒழுக வேண்டுமே, அதில் நிரப்பத் தண்ணீர் இல்லை. தொட்டியில் இல்லை, தெருவில் இல்லை, சுடுகாட்டுப் பம்பு உடைந்து எத்தனையோ நாளாகிறது. சடங்கு செய்ய வந்தவர், ஆற்றங்கரையில் ஊறுகிற மஞ்சள் தண்ணீரையே ஊற்றலாம், பரவாயில்லை என்றார். அப்போது கன்னியம்மா வீட்டுக்குள் போய், பரணிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கிக் கொண்டுவந்தாள். பிரசவத்துப் பெண்ணின் அம்மா ஒரு சொம்பு கொண்டுவந்தாள். எத்திராஜ் கெட்டிலோடு வந்தார். எல்லோர் வீட்டிலும் அடியில் கொஞ்சம் அந்தத் தண்ணீர் இருந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியாமல் ஒவ்வொருவரும் வைத்திருந்திருக்கிறோம், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு டம்ளர், அரை டம்ளர் என்று ஊற்ற ஊற்ற, குடம் கழுத்து மட்டும் நிரம்பியது. பையன் அதைத் தோளில் வைத்து நடந்தபோது உள்ளே களக், களக் என்றது. முதல் ஓட்டையில் பீய்ச்சி அடித்தது, காய்ந்த மண் சத்தம் போட்டுக் குடித்தது. வரதப்பன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சல்யூட் வைத்தார். தூக்கி வந்தவர்கள், பாடை கனமே இல்லை என்றார்கள்.

முகாமிலிருந்து தவமலர் வந்திருந்தாள் என்று சிலர் சொல்கிறார்கள், நாங்கள் பார்க்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாதென்று அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருந்தது. வானம் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹார்ன் கேட்டது. கன்னியம்மா கூந்தலை முடிந்துகொண்டு குடத்தை எடுத்தாள். எத்திராஜ் தன் டிரம்மை எல்லோருக்கும் முன்னால் நகர்த்தி வைத்தார், யாரோ அதைப் பேசாமல் பின்னுக்குத் தள்ளினார்கள். நாங்கள் குடங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கத் தொடங்கினோம்.